20 வருஷத்து ஃபிளாட், விற்பவருக்கு இன்னும் லோன் பாக்கி: அட்வான்ஸ் தரும் முன் என்ன பார்க்கணும்?

இரண்டாம்மாடி:

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட் பேசிக்கொண்டிருக்கிறோம். 2005-ல் கட்டியது. கீழே பார்க்கிங், மேலே 3 மாடி, மாடிக்கு 3 வீடு, ஆக மொத்தம் 9. மனை 2 கிரவுண்ட். நாங்கள் பார்ப்பது இரண்டாவது மாடி, 1020 சதுர அடி. யூடிஎஸ் (மனையில் பிரிக்கப்படாத பங்கு) 540 சதுர அடி என்று பத்திரத்தில் இருக்கிறது. விலை 62 லட்சம். வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் உள்ளது. அவர்களுக்கு வங்கியில் 14 லட்சம் லோன் பாக்கி. இப்போது ஒரு குடும்பம் லீஸுக்கு (மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, மாத வாடகையில்லாமல்) குடியிருக்கிறது.

புரோக்கர் சொல்வது: 5 லட்சம் அட்வான்ஸ் கொடுங்கள், அக்ரிமெண்டை முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் போதும். கிரயப் பத்திரத்தில் 48 லட்சம் காட்டினால் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) தொல்லை இல்லை, பதிவுச் செலவும் குறையும். மீதி 14 லட்சம் ரொக்கம். 15 வருஷத்துக்கு ஈசி (வில்லங்கச் சான்று) காட்டினார், சுத்தமாக இருந்தது. ஹாலில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை.

எங்களுக்கும் ஹோம் லோன் வேண்டும். எதிலிருந்து ஆரம்பிப்பது?

பத்திரப்பெட்டி:

ஈசியிலிருந்தே ஆரம்பிக்கலாம் சார். 14 லட்சம் லோன் இருக்கிற வீட்டின் ஈசி எப்படிச் சுத்தமாக இருக்கும்? மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும். அடமானம் 2005-06 வாக்கில் பதிவாகி, 15 வருஷத் தேடலுக்குள் வராமல் போயிருக்கலாம். பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததோடு சரி, எம்ஓடி (பத்திரத்தை ஒப்படைத்ததற்கான குறிப்பாணை) பதிவே செய்யாமல் விட்டிருக்கலாம். பழைய லோன்களில் இது சகஜம். அல்லது புரோக்கர் தப்பான சர்வே எண்ணுக்கு ஈசி போட்டிருக்கலாம்.

பதிவுத்துறை தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். 1975 முதல் உள்ளது ஆன்லைனில் கிடைக்கும், குறைந்தது 30 வருஷம் எடுக்க வேண்டும். தேடல் கதவு எண்ணை வைத்து நடக்காது. கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இன்றைக்கு 45/2ஏ1 என்று இருக்கும் மனை, 1998-ல் வெறும் 45/2 ஆக இருந்திருக்கும். உட்பிரிவுக்கு மட்டும் தேடினால் பழைய பதிவுகள் விழாது. தாய் எண்ணுக்கும் சேர்த்துத் தேடுங்கள். ஊர் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால், இரண்டிலும் அந்தந்தக் காலத்துக்குத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஈசியில் வராதவை: பதிவாகாத அடமானம், உயில், கோர்ட் வழக்கு, வரி பாக்கி, பதிவாகாத லீஸ் ஒப்பந்தம். அடமானத்துக்கு செர்சாய் (அடமானங்களின் மத்தியப் பதிவேடு) தளத்தில் சிறு கட்டணத்தில் தேடலாம். வழக்குக்கு ஈ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயர், மனைக்குச் சொந்தக்காரர் பெயர், பில்டர் பெயர் மூன்றையும் போடுங்கள்.

அடுத்து யூடிஎஸ். 2 கிரவுண்ட் என்றால் 4800 சதுர அடி. 9 வீட்டுக்கும் 540 என்றால் 4860. இல்லாத 60 சதுர அடியை விற்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். மற்ற வீடுகள் சின்னதாக இருந்து அவற்றின் யூடிஎஸ்ஸும் குறைவாக இருந்தால் கணக்கு சரியாக வரலாம். ஈசியில் 9 கிரயங்களும் யூடிஎஸ் அளவோடு வரும், கூட்டிப் பாருங்கள். நாளைக்குக் கட்டடத்தை இடித்துக் கட்டும்போது உங்கள் பங்கு இந்த எண்தான்.

கேட்டு வாங்க வேண்டிய நகல்கள்: தாய்ப்பத்திரமும் அதிலிருந்து வரும் எல்லாத் தொடர்ச்சிப் பத்திரங்களும், மனைக்காரர் பில்டருக்குக் கொடுத்த பவர், யூடிஎஸ் கிரயப் பத்திரம், கட்டுமான ஒப்பந்தம், அனுமதி வரைபடம், மனையின் பட்டா. அன்றைக்கு யூடிஎஸ்ஸை மட்டும் கிரயம் பதிந்துவிட்டு, கட்டுமான ஒப்பந்தத்தைப் பதியாமல் வைத்திருப்பார்கள். 1020 சதுர அடி என்பது அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கும், அது இல்லாமல் உங்கள் வங்கி நகராது. பவர் மூலம் விற்ற பத்திரம் என்றால், அன்றைய தேதியில் மனைக்காரர் உயிரோடு இருந்தாரா, பவர் ரத்தாகாமல் இருந்ததா என்று பாருங்கள். மனைக்காரர் இறந்து வாரிசுகள் விற்றிருந்தால் மகள்களின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

நோட்டரி அக்ரிமெண்ட் வேண்டாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதியாத ஒப்பந்தம் ஈசியில் ஏறாது, அதே வீட்டுக்கு இன்னொருவரிடம் அட்வான்ஸ் வாங்கினாலும் உங்களுக்குத் தெரிய வராது. ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் அவசியம்: சொத்துரிமையில் குறை இருந்து வங்கி லோன் மறுத்தால் அட்வான்ஸ் முழுதும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும், லீஸ் பணத்தை விற்பவர் கொடுத்து வீட்டைக் காலி செய்து தர வேண்டும், பதிவு நாள் வரையிலான வரி, மின்கட்டணம், சங்க பாக்கி அவர் பொறுப்பு. லீஸில் இருப்பவரிடம் நேரில் போய் எவ்வளவு கொடுத்தார், எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். உதாரணத்துக்கு 6 லட்சம் லீஸ் பணத்தை மறந்து வீட்டை வாங்கினால், அந்தக் குடும்பம் உங்களைப் பார்த்துத்தான் கேட்கும்.

கலவைச்சட்டி:

யூடிஎஸ்ஸோட இன்னொரு கணக்கும் போடுங்க. 2005-ல சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ (மனை அளவுக்கு எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற விகிதம்) 1.5. 4800 அடி மனைக்கு 7200 சதுர அடி கட்டலாம். 9 வீடு, 1020 வீதம், 9180 ஆகுது. 1020-ல படிக்கட்டு, பொது இடம் எல்லாம் சேர்த்த கணக்கு இருக்கும், எஃப்எஸ்ஐ-ல சேராததைக் கழிச்சாலும் இடிக்குது. என் சந்தேகம், அனுமதி வரைபடத்தில் ரெண்டு மாடி 6 வீடுதான் இருக்கும், மூணாவது மாடி பில்டரோட சொந்தக் கற்பனை. மடிப்பாக்கம் சென்னை மாநகராட்சியில சேர்ந்ததே 2011-ல்தான், அதுக்கு முன்னாடி ஊராட்சி. அதனால ஊராட்சி சீல் மட்டும் இருக்கா, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி எண் இருக்கான்னும் பாருங்க. வங்கி இன்ஜினியர் வந்து வரைபடத்தை வச்சு மாடியை எண்ணுவார். உங்க வீடு வரைபடத்துக்குள்ள இருந்தா பெரும்பாலும் தப்பிக்கும்.

இனி கட்டடம். புது பெயிண்ட் அடிச்ச வீட்டில் சுவரைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. பெயிண்டர் தொடாத இடங்களைப் பாருங்க: லாஃப்ட் உள்பக்கம், சுவர் அலமாரிக்குப் பின்னால, கிச்சன் சிங்க் அடியில பிளைவுட் ஊதியிருக்கா, பாத்ரூம் கதவு நிலையின் அடிப்பாகம் உளுத்திருக்கா. ஸ்விட்ச் போர்டு திருகு துரு ஏறியிருந்தா அந்தச் சுவரில் ஓதம் இருந்திருக்கு.

பாத்ரூமைச் சோதிக்க உங்க பாத்ரூமுக்குள்ள நின்னு பலன் இல்லை. முதல் மாடி வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர் பாத்ரூம் மேல்கூரையைப் பாருங்க. உங்க வீட்டுக் கசிவு அங்கதான் தெரியும். மூணாவது மாடியோட கசிவு உங்க கூரையில தெரியும். பழைய ஃபிளாட்டில் பாத்ரூம் தளத்தை ஒரு அடி தாழ்த்தி, அதில் செங்கல் உடைசலைக் கொட்டி மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பாங்க. டைல்ஸ் இடுக்கு வழியா இறங்குற தண்ணி அந்த உடைசலுக்குள்ள குளம் மாதிரி நிற்கும். சொட்டுறது மட்டும் பிரச்சினை இல்லை. அடியில இருக்கிற சிலாபு கம்பி வருஷக்கணக்கா நனையுது.

கம்பி துருப்பிடிச்சா பல மடங்கு பருமனாகும், காங்கிரீட்டை உள்ளேயிருந்து தள்ளும். கம்பி ஓடுற திசையிலேயே நேர்க்கோடா விரிசல் வந்தா அதுதான் அறிகுறி. பார்க்கிங்கில் தூண்களோட கீழ்ப்பக்கம் 2 அடி உயரத்தையும், சன்ஷேடு அடிப்பக்கத்தையும், சம்ப் மேல்மூடியையும் ஒரு நாணயத்தால தட்டிப் பாருங்க. டொக்குன்னு கேட்டா உள்ளே காங்கிரீட் விட்டுப்போச்சு. சன்ஷேடு பொரிஞ்சு விழுறது செலவோட போகும். தூண் அப்படி இருந்தா வாங்காதீங்க. தூணில் மட்டும் புதுப் பூச்சு தெரிஞ்சா ஏன்னு கேளுங்க. முறைப்படி செய்யணும்னா கம்பிக்குப் பின்னால வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடிச்சு, பாலிமர் கலவை வைக்கணும். வெறும் சிமெண்ட் பூசினா ரெண்டு மழைக்குள்ள மறுபடி வெடிக்கும்.

விரிசல் எல்லாம் ஒண்ணில்லை. தூணும் செங்கல் சுவரும் சேருற இடத்தில் மயிர்க்கோடா நேர் விரிசல்: பூச்சில் கம்பிவலை வைக்காததால வந்தது, பயமில்லை. மொட்டைமாடி வீட்டில் கூரைக்குக் கீழே படுக்கையா ஓடுறது: வெயிலில் சிலாபு விரியுறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வா, படிப்படியா, சுவரின் ரெண்டு பக்கமும் தெரிஞ்சு, 3 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா அஸ்திவாரம் இறங்குது. அதுக்கு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் பார்க்காம பேச்சே கிடையாது.

மின்சாரம் சுருக்கமா: மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கா, டெஸ்ட் பட்டனை அமுக்கினா விழுதா. ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயர், சாதாரணப் பவர் பிளக்குக்கு 2.5. 2005-ல ஒரு ஏசிக்கு யோசிச்சுப் போட்ட வயரிங்கில் மூணு ஏசி ஓட்டினா சுவருக்குள்ள சூடாகும்.

வட்டிக்கணக்கு:

48 லட்சம் காட்டும் யோசனையை எண்ணாலேயே பார்த்துவிடலாம். மறுவிற்பனை ஃபிளாட்டுக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 14 லட்சத்தை மறைத்தால் மிச்சம் 1.26 லட்சம். இப்போது எதிர்ப்பக்கம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் வங்கி அதிகபட்சம் 80 சதவீதம் தரலாம், பதிவுச் செலவு அதில் சேராது. 62-க்கு 49.6 லட்சம் வரும், 48-க்கு 38.4. ஆக, 1.26 லட்சத்தை மிச்சம் பிடிக்க 11.2 லட்சத்தைக் கூடுதலாகக் கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். பின்னால் நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 48 என்றுதான் கணக்கு. அந்த 14 லட்சமும் லாபமாகி, 12.5 சதவீத வீதத்தில் 1.75 லட்சம் வரி. மிச்சமே இல்லை. ரொக்கம் வாங்குகிற விற்பவருக்குத்தான் பெரிய ஆபத்து: வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகை அளவுக்கே அபராதம் உண்டு.

டிடிஎஸ் தொல்லையே இல்லை. 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதம், உங்களுக்கு 62,000. இது உங்கள் காசு இல்லை, விற்பவருக்குத் தரும் பணத்தில் பிடித்துக் கட்டுவது. அட்வான்ஸிலும் அதற்குரிய பங்கைப் பிடிக்க வேண்டும். பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். விற்பவர் இருவர், வாங்குபவர் இருவர் என்றால் நான்கு படிவங்கள். அவர்களுடைய பான், ஆதாருடன் இணைந்து செயலில் உள்ளதா என்று முன்பே பாருங்கள். இல்லையென்றால் 1-க்குப் பதில் 20 சதவீதம் பிடிக்கும் நிலை வரும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கே பொருந்தாது, ஆடிட்டரிடம் போங்கள்.

அந்த 14 லட்சம் லோன் முடியும் வழி: விற்பவர் தன் வங்கியில் முன்கூட்டியே முடிப்பதற்கான பாக்கிக் கடிதம் வாங்க வேண்டும். அதில் எந்தத் தேதி வரை செல்லும், நாளுக்கு எவ்வளவு வட்டி என்று இருக்கும். கூடவே, வங்கியிடம் இருக்கும் அசல் பத்திரங்களின் பட்டியலை வங்கி லெட்டர்பேடில் கேளுங்கள். தாய்ப்பத்திரத்தின் அசல் அதில் உண்டா இல்லையா என்பது அப்போதுதான் தெரியும். உங்கள் வங்கி நகல்களை வைத்தே சட்டக் கருத்து வாங்கி லோனை அனுமதிக்கும். பிறகு 14 லட்சத்துக்கான காசோலை விற்பவர் பெயரில் இல்லாமல், அவர் வங்கியின் பெயரும் லோன் கணக்கு எண்ணும் போட்டுப் போக வேண்டும். நீங்களே கட்டினாலும் லோன் கணக்குக்கு நேராக ஆர்டிஜிஎஸ் செய்யுங்கள். மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டி முடிக்க அபராதம் கிடையாது.

பணம் கட்டிய அன்றே பத்திரம் கைக்கு வராது. பல வங்கிகள் அசலை வேறு ஊர்க் கிடங்கில் வைத்திருக்கின்றன. ரிசர்வ் வங்கி விதிப்படி முழுப் பாக்கியும் கட்டிய 30 நாளுக்குள் தந்தாக வேண்டும், தாமதம் வங்கியால் என்றால் நாளுக்கு 5000 ரூபாய் இழப்பீடு. அதனால் ஒப்பந்தக் காலம் 90 நாளுக்குக் குறையாமல் போடுங்கள். அசல் வந்ததும், எம்ஓடி பதிவாகியிருந்தால் அதற்கான ரசீது ஆவணத்தை (கடன் தீர்ந்தது என்று வங்கி எழுதித் தருவது) சார்பதிவகத்தில் பதிந்து, ஈசியில் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகே கிரயம்.

தெற்குவாசல்:

இடையில் ஒரு கேள்வி. நான் விற்கும் பக்கம். பதிவு செய்த ஒப்பந்தம் போட்டு வாங்குபவர் பின்வாங்கினால்? அப்புறம் லாபத்துக்கு வரி எப்படி?

வட்டிக்கணக்கு:

ஒப்பந்தம் ஈசியில் நிற்கும், ரத்துப் பத்திரம் பதியும்வரை அடுத்தவர் வாங்கத் தயங்குவார். கெடு முடிந்தால் இத்தனை நாளில் ரத்துக்கு வந்து கையெழுத்திட வேண்டும், அட்வான்ஸில் திரும்பத் தர வேண்டியதை அப்போதுதான் தருவேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். வரி: 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால லாபம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதென்றால், இங்கே குடியிருக்கும் தனிநபர் 12.5 சதவீதம் நேராகவோ, பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதமோ, எது குறைவோ அதைக் கட்டலாம். யூடிஎஸ் பத்திர மதிப்போடு கட்டுமான ஒப்பந்தத் தொகையும் உங்கள் அடக்கவிலைதான், அந்தக் காகிதத்தைத் தொலைக்காதீர்கள். விற்ற 2 வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ 3 வருஷத்துக்குள் கட்டினாலோ விலக்கு உண்டு. ரிட்டர்ன் கெடுவுக்குள் முடியாவிட்டால் பணத்தை மூலதன லாபக் கணக்கில் போட்டுவிட வேண்டும், சாதாரண சேமிப்புக் கணக்கில் கிடந்தால் விலக்கு போய்விடும்.

இரண்டாம்மாடி:

மிக்க நன்றி. 30 வருஷத்துக்கு ஈசி எடுத்தேன், 2006-ல் எம்ஓடி இருக்கிறது. 9 யூடிஎஸ்ஸையும் கூட்டினால் 4770 வருகிறது. வரைபடம் இன்னும் கைக்கு வரவில்லை. நாங்கள் பார்க்கும் வீட்டின் பாத்ரூம் கூரையில் ஒரு தட்டு அகலத்துக்கு ஈரம். மேல்வீட்டுக்காரர் "எங்களிடம் லீக் இல்லை" என்கிறார். அவர் வீட்டை உடைக்காமல் கண்டுபிடிக்க முடியுமா?

கலவைச்சட்டி:

முடியும். மேல்வீட்டில் அந்த பாத்ரூமை ஒரு நாள் முழுக்கப் பயன்படுத்தாம இருக்கச் சொல்லுங்க. அப்பவும் அதே வேகத்தில் ஈரம் இருந்தா, எப்பவும் அழுத்தத்தில் இருக்கிற சப்ளை பைப்பில் ஓட்டை இருக்கலாம், உடைசலில் தேங்கின தண்ணியாவும் இருக்கலாம். காய ஆரம்பிச்சா வடிகால் பக்கம். அடுத்து, தரை ட்ராப்பில் (தண்ணி வடியுற வாய்) ஒரு பக்கெட் தண்ணியில் ஃபுட் கலர் கரைச்சு நேரா ஊத்தணும், டைல்ஸில் படக்கூடாது. சில மணி நேரத்தில் கலர் உங்க கூரையில் வந்தா ட்ராப் இணைப்புதான் குற்றவாளி. ஆனா செங்கல் உடைசல் ஊறிக் கலர் வர நாளாகும், அதனால வரலைன்னா லீக் இல்லைன்னு முடிவு கட்டாதீங்க. டைல்ஸ் இடுக்கு வழின்னா, இடுக்கைச் சுரண்டி எபாக்சி கிரவுட் (இடுக்கை அடைக்கிற கலவை) போட்டாலே பல இடத்தில் நிக்கும். ட்ராப்னா உடைக்கணும், உடைச்சு, வாட்டர்ப்ரூஃபிங் அடிச்சு, 48 மணி நேரம் தண்ணி கட்டி நிறுத்திப் பார்த்த பிறகுதான் டைல்ஸ். அட்வான்ஸுக்கு முன்னாடி இதை விற்பவர் மேல போடுங்க. வாங்கின பிறகு அது உங்களுக்கும் மேல்வீட்டுக்கும் நடக்கிற சண்டை.

குடத்துநீர்:

தண்ணீரை யாருமே சொல்லவில்லையே. மடிப்பாக்கத்தில் அதுதான் முதல் கேள்வி. மெட்ரோ வாட்டர் இணைப்பு கட்டடத்துக்குள் வந்துவிட்டதா, தெருவோடு நிற்கிறதா? கழிவுநீர் இணைப்பு உண்டா, இன்னும் செப்டிக் டேங்க்தானா? சங்கத்தின் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கணக்கைக் கேட்டு, லாரித் தண்ணீருக்கு எவ்வளவு போனது என்று பாருங்கள். மாதப் பராமரிப்பு 2500 என்று சொல்லிவிட்டு, லாரிச் செலவைத் தனியாக வாங்குவார்கள்.

போர் தண்ணீரை மோட்டார் பக்கத்துக் குழாயிலேயே பிடியுங்கள். மேல்தொட்டியில் லாரித் தண்ணீர் கலந்திருக்கும், அளவு ஏமாற்றும். டிடிஎஸ் (வட்டிக்கணக்கு சார் சொன்னது இல்லை, இது உப்பு) குடிக்க லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. கடினத்தன்மை 200, உச்ச வரம்பு 600. டிடிஎஸ் மீட்டர் கடினத்தன்மையைக் காட்டாது, அதற்கு லேப்தான். 600-ஐத் தாண்டினால் கீசர் காயிலும் ஷவர் ஓட்டையும் சுண்ணாம்பு கட்டிக்கொண்டே இருக்கும், சோப்பு நுரைக்காது. வீட்டைச் சுற்றிக் காட்டும்போது ஷவர் முகத்தைப் பாருங்கள், வெள்ளைப் படிவு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

2015, 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று எதிரே இருக்கும் கடையில் கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள். பார்க்கிங்கில் மீட்டர் பெட்டி என்ன உயரத்தில் இருக்கிறது, பிற்பாடு தூக்கி வைத்த அடையாளம் உண்டா என்றும் பாருங்கள். சம்ப் வாய் தரைமட்டத்தில் இருந்தால் வெள்ள நாளில் தெருத் தண்ணீர் நேராக உள்ளே போகும். ஒரு அடி உயர்த்திக் கட்டியிருக்க வேண்டும்.

பத்திரப்பெட்டி:

4770 என்றால் நல்லது, 4800-க்குள் அடங்கிவிட்டது. 2006 எம்ஓடியின் ஆவண எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ரசீது ஆவணத்தில் அதே எண் வர வேண்டும். வரைபடம் வராமல் அட்வான்ஸ் வேண்டாம். கிரயம் முடிந்த வாரமே மின் இணைப்பு, சொத்துவரி, தண்ணீர் வரி மூன்றுக்கும் பெயர் மாற்றம் கொடுத்துவிடுங்கள். மின் இணைப்பை மாற்றும்போது அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட் என்று பார்த்து, ஏசிகளுக்குத் தேவைப்பட்டால் அப்போதே கூட்டக் கேளுங்கள். ஊராட்சிக் காலத்துக் கதவு எண்ணும் மாநகராட்சி எண்ணும் வேறாக இருக்கும், கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.